சுமைதாங்கிக் கல்லும் திருவுளச்சீட்டும்

ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவின் அலைச்சல்கள் ஓய்ந்தபின், பங்குப் பணியிலிருந்து நான்கைந்து நாள்கள் விடுப்புப் பெற்று, நமது பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் மதுரையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுவது நமக்கு நெடுநாளைய வழக்கம். "ஐம்பதைக் கடந்த பின்னும் இந்த ஆசை விடவில்லையா? பேருந்தில் ஏறினால் உறங்கிக்கொண்டே போய்ச் சேரலாமே" என்று உடன் குருக்கள் நகைப்பர். போய்ச் சேர்வதொன்றே நோக்கமானால் அது நல்ல யோசனைதான். மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கோ சன்னல் என்பதே இல்லை. கோவில்பட்டிக் கரிசல் வெயிலும், வேப்பம்பூ மணமும், செங்கல் சூளைப் புகையும், நாங்குநேரியைக் கடந்ததும் முகத்தில் அறையும் காற்றும் நேரே வந்து அவனைச் சேரும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தினால் யாராவது ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார்.

அந்த 'யாராவது ஒருவரை'ப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

பெற்றோருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், ஐயமில்லை. ஆசிரியருக்கு, அண்டை வீட்டாருக்கு, நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பங்கு மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால், வழியில் தற்செயலாக எதிர்ப்படும் ஒருவருக்கு? நேற்றுவரை அவரைக் கண்டதில்லை. நாளை காணப் போவதுமில்லை. அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவருக்கு நாம் செய்வது இரக்கமா, கடனா? இரக்கமெனில் அது நம் விருப்பத்தைப் பொறுத்தது. செய்தால் புகழ் உண்டு, செய்யாவிடில் பழியில்லை. கடனெனில் அப்படியன்று. கொடுக்காமல் கடந்துசென்றவன் கடனாளியாகவே சென்றிருக்கிறான். இந்தக் கேள்வி நமக்குக் குருமடத்து ஒழுக்கநெறி இயல் வகுப்பில் எழவில்லை. ஒரு புளியமரத்தடியில் எழுந்தது.

2001ஆம் ஆண்டு அது. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு கிளைப்பங்கின் பாதுகாவலர் திருவிழாவுக்கு, காலை ஏழு மணித் திருப்பலி நிறைவேற்றப் போய்க்கொண்டிருந்தோம். புறப்படும்போதே கால் மணி நேரம் தாமதம். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், புளியமரம் ஒன்றின் வேரில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியின் ஓசை கேட்டு நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். நாமும் பதிலுக்குத் தலையசைத்துவிட்டுக் கடந்தோம். 'வெள்ளை அங்கியைப் பார்த்து வணக்கம் சொல்கிறார் போலும்' என்று நம் மனம் நமக்குச் சொன்னது. அது உண்மையன்று என்று அந்த நொடியிலேயே நமக்குத் தெரியும். வணக்கம் சொல்லும் கை அப்படி உயர்வதில்லை.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது மரத்தடியில் எவருமில்லை. முக்குச் சாலைத் தேநீர்க் கடையில் விசாரித்தோம். "யாரோ ஒரு கெழவிய லோடு வண்டியில ஏத்திட்டுப் போனாங்க சாமி, எந்த ஊருன்னு தெரியல" என்றார் கடைக்காரர். அவர் சொன்னவர் இவர்தானா என்பதும் உறுதியில்லை. அந்த அம்மையார் நோயுற்றிருந்தாரா, பேருந்தைத் தவறவிட்டு அடுத்த ஊர்வரை ஏற்றிச் செல்லக் கேட்டாரா, மணி என்ன என்று அறிய விரும்பினாரா - இன்றுவரை நமக்குத் தெரியாது. ஒப்புரவு அருளடையாளத்தில் இதைச் சொன்னோம். மன்னிப்புக் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

நமக்குச் சாதகமாகவும் வாதிடலாம். நாமே பலமுறை வாதிட்டிருக்கிறோம். அங்கே முந்நூறு பேர் காத்திருந்தார்கள். அவர்களுள் கைக்குழந்தையோடு வந்தவர்களும், நோன்பிருந்து நெடுந்தொலைவு நடந்து வந்த முதியோரும் உண்டு. அவர்கள் நம் பொறுப்பில் உள்ளவர்கள். முந்நூறு பேருக்குரிய கடமையை ஒருவருக்காக ஒத்திவைப்பது நீதியா? எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற வழியில் விலகிப் போன குருவும் லேவியரும் இப்படித்தான் தமக்குள் வாதிட்டிருப்பர் என்று சில விரிவுரையாளர் அவர்களுக்காகப் பரிந்து பேசுவதுண்டு. பிணத்தைத் தொட்டால் தீட்டு. தீட்டுப்பட்டால் கோவில் பணி செய்ய இயலாது. ஆனால், அந்த உவமையைக் கூர்ந்து படிப்போர் ஒரு சொல்லைக் கவனிப்பர். குரு அவ்வழியாக 'இறங்கி'ச் சென்றார். மலைமேல் உள்ள எருசலேமிலிருந்து, கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் இறக்கம். அவர் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை, கோவிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழிபாடு அவருக்குத் தடையாக இருக்கவில்லை. நமக்கு இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால், ஐந்து நிமிடம் நின்று என்னவென்று கேட்டிருந்தால் முந்நூறு பேர் என்ன இழந்திருப்பர்? ஏற்கெனவே கால் மணி நேரம் காத்திருந்தவர்கள்தாமே, அதுவும் நம் சோம்பலால்!

இதுபற்றி ஓர் ஆய்வு உண்டு. குருக்களும் குருமாணவரும் அறிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரை வைத்து டார்லி, பேட்சன் என்னும் இரு உளவியலார் நடத்தி, 1973ஆம் ஆண்டு வெளியிட்டனர். மாணவர்களைத் தனித்தனியே அழைத்து, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஆற்றுமாறு பணித்தனர். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, நல்ல சமாரியர் உவமை. போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடக்குமாறு ஏற்பாடு. 'நேரம் இருக்கிறது' என்று அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 63 பேர் வீதம் உதவ முன்வந்தனர். 'தாமதமாகிவிட்டது, விரைந்து செல்' என்று அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 10 பேர் வீதமே நின்றனர். நல்ல சமாரியரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்னும் எண்ணம் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. முதன்முறை இதைப் படித்தபோது நமக்கு ஒருவகை ஆறுதல் ஏற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை, நாம் மட்டுமல்லோம்! பின்னர் அந்த ஆறுதலே நம்மை நாணச் செய்தது. மனிதரைக் கடந்து செல்ல வைப்பது கல்நெஞ்சம் என்றால் அதற்காக மனம் வருந்தலாம். வெறும் கடிகாரம் என்றால் என்ன சொல்லி வருந்துவது?

கடனா, இரக்கமா என்ற வினாவுக்குத் திருச்சபைத் தந்தையர் தந்த விடையைத் தேடினோம். புனித அகுஸ்தினார், 'கிறிஸ்தவப் போதனை' என்னும் நூலில், இச்சிக்கலை நேராகவே எடுத்துக்கொள்கிறார். எல்லாரையும் சமமாக அன்புசெய்ய வேண்டும். ஆனால், எல்லாருக்கும் நன்மை செய்ய எவராலும் இயலாது. அப்படியானால் யாரைத் தெரிந்துகொள்வது? காலத்தாலோ இடத்தாலோ வேறு சூழலாலோ நம் அருகில் வந்து சேர்ந்தவரை, சீட்டு விழுந்து நம் பங்குக்கு வந்தவராகக் கருத வேண்டும் என்பது அவர் கருத்து. கையில் ஒரு பொருள் இருக்கிறது. தேவையுள்ளோர் இருவர் நிற்கின்றனர். இருவருக்கும் பகிர இயலாது. தேவையிலோ உறவிலோ ஒருவர் மற்றவரை விஞ்சவுமில்லை. அப்போது சீட்டுப் போடுவதைவிட நேர்மையான வழி ஏது? வாழ்க்கையில் நம் அருகே வந்துசேர்வோர் அவ்வாறு விழுந்த சீட்டுகளே என்கிறார். நம் முன்னோர் இதற்குத் 'திருவுளச்சீட்டு' என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! தற்செயல் என்று நாம் தள்ளிவிடும் ஒன்றில் இறைவனின் திருவுளத்தைத் தேடுகிறது நம் மொழி.

புனித தோமா அக்குவினார் அன்புக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு என்பார். நெருங்கிய உறவினருக்கு முதலிடம். எனினும் அவரே இன்னோரிடத்தில், தந்தைக்கு அத்தகைய நெருக்கடி இல்லாதபோது, உயிர்போகும் தேவையில் இருக்கும் அயலாருக்கே முதலில் உதவ வேண்டும் என்கிறார். குருமடத்தில் இப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்தோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

சீட்டு என்னும் இக்கருத்து நமக்கு விளங்கியது நூலகத்தில் அன்று, தோவாளைச் சாலையில். நாகர்கோவிலுக்குச் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைக் கண்டு வியப்பர். அருகிலேயே காற்றாடிமலை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தேவசகாயம் பிள்ளை அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், நம் நாட்டுப் பொதுநிலையினருள் முதல் புனிதர். வண்டியை நிறுத்திவிட்டு அப்பாறைகளின் நடுவே உட்கார்ந்து, அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தோம்.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சல் போரில் ஒல்லாந்தர் தோற்றனர். பிடிபட்டோருள் ஒருவர் டிலனாய் என்னும் படைத்தலைவர். மார்த்தாண்ட வர்மா மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சி தர அமர்த்திக்கொண்டார். அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் நொந்திருந்த வேளை அது. அவருடைய வாட்டத்தைக் கண்ட டிலனாய், அனைத்தையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். கடல் கடந்து போரிட வந்து தோற்ற ஒருவரும், மாடு செத்துப்போன துயரில் இருந்த ஒருவரும் எதிரெதிரே நின்ற கணம் அது. டிலனாய்க்கு அன்று வேறு வேலை இல்லாமல் இருந்திருக்குமா? இப்போதும் புலியூர்க்குறிச்சி அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். அவ்வழியே போவோர் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மறையுரைகளில் நாமே செய்திருக்கும் பிழைதான் இது. இத்தகைய வரலாற்றைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, நீங்கள் நின்று பேசும் ஒருவர் நாளை புனிதராகக் கூடும்' என்று முடித்துவிடுகிறோம். அது பரிசுச்சீட்டு வாங்கச் சொல்வது போன்றது. வழியில் சந்திக்கும் ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சந்திப்புகளால் எந்த வரலாறும் விளையப் போவதில்லை. புளியமரத்தடி அம்மையார் மணி கேட்க மட்டுமே கை உயர்த்தியிருக்கலாம். அப்படியே இருந்தாலும், நின்று மணி சொல்லியிருக்க வேண்டும் என்பதில் அணுவளவும் மாற்றமில்லை.

கடன் என்பதன் மறுபக்கத்தையும் நாம் அனுபவித்திருக்கிறோம். 2009ஆம் ஆண்டுப் பயணத்தில், வள்ளியூர் தாண்டி உள்சாலை ஒன்றில் போகும்போது பின்சக்கரம் காற்றிறங்கி நின்றது. பிற்பகல் மூன்று மணி. சுற்றிலும் பனைகள், வேறெதுவுமில்லை. மரத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முதலில் ஒரு பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு நம்மோடு சேர்ந்து சக்கரத்தைக் கழற்றி, தம் மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்குப் போய்விட்டார். "அருவாப் பெட்டியப் பாத்துக்கிடுங்க" என்று சொன்னதோடு சரி. பனையேறிகளின் தொழிலை அறிந்தோர்க்கு இதன் விலை தெரியும். பாளையை நாள்தோறும் வேளை தவறாமல் சீவ வேண்டும். தவறினால் ஊற்று வற்றும். அவர் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மரங்களில் இருட்டில் ஏறலானார். நாம் பணம் எடுத்து நீட்டினோம். "வழியில நின்னவிய கிட்ட வாங்குனா நல்லாருக்குமாய்யா?" என்று மரத்தின்மேலிருந்தே கேட்டார்.

அவர் பெயரை நாம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கென ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு அவ்வழியே போனோம். பனைகளை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த வேட்டி நெடுநாள் நம் அலமாரியில் கிடந்தது.

ஆக, நாம் செலுத்தத் தவறிய கடன் ஒன்று. நமக்குச் செலுத்தப்பட்டு, நாம் திருப்பித் தர இயலாத கடன் ஒன்று. இரண்டுக்கும் உரியவர்கள் எங்கே என்று தெரியாது. நெடுஞ்சாலைக் கணக்கு இப்படித்தான் இருக்கும்போலும். வீட்டுக்கணக்கைப் போல ஒருவரோடு ஒருவர் நேர்செய்துகொள்ளும் கணக்கன்று அது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் நம் நாட்டுப்புற மக்களே. தென்மாவட்டங்களின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்னும் ஆங்காங்கே காணலாம். நட்ட கல் இரண்டு, அவற்றின் மேலே படுத்த கல் ஒன்று. தலைச்சுமையோடு நடந்தவர்களின் துன்பம் இக்காலத்தார்க்கு விளங்குவது கடினம். நெல் மூட்டையோ விறகுக் கட்டோ, அதை இறக்கவும் இன்னொரு கை வேண்டும், மீண்டும் ஏற்றவும் இன்னொரு கை வேண்டும். தனியே நடப்பவர் களைத்தாலும் இறக்கிவைக்க வழியில்லை. சுமைதாங்கியோ நின்றபடியே சுமையை நகர்த்தி வைக்கவும், பின்னர் நின்றபடியே தலைக்கு மாற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இருக்கும். கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதை நடுவார்கள். சுமையை இறக்காமலே போனாளே என்னும் ஆற்றாமையில் வழிப்போக்கர் சுமையை இறக்க ஒரு கல்! அவளுக்கு இனி எதுவும் செய்ய இயலாது. எனவே, அவளை அறியாதவர்களுக்கு, தாங்களும் ஒருநாளும் அறியப்போகாதவர்களுக்குச் செய்தார்கள். இறையியல் நூல் எதையும் படித்தவர்கள் அல்லர் அவர்கள்.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் தென்னாட்டுச் சாலைகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சாலையும் சத்திரமும் நிழல்மரமும் அரசியால் இயலும். கல் மூன்றை நடுவது ஏழைக்கும் இயலும். கயத்தாற்றில் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கடந்து சென்றோர், ஆளுக்கொரு கல்லைப் போட்டுச் சென்றதால் அங்கே கற்குவியல் எழுந்தது என்று சொல்வதுண்டு. அதற்கும் நின்றாக வேண்டும். குனிந்து கல்லைப் பொறுக்கியாக வேண்டும்.

நான்குவழிச் சாலையில் குனிய இயலாது. அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை; மருத்துவ ஊர்தி விரைந்து செல்லும் சாலை எவருக்குத்தான் வேண்டாம்? ஆனால், 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமே என்னும் அச்சம் முன்பு இருந்தது. உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கும் நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்க்கப்பட்டது. அச்சத்தைச் சட்டம் போக்கியிருக்கிறது. அவசரத்தை எந்தச் சட்டம் போக்கும்? இருட்டில் தனியே செல்லும் பெண், கை காட்டுபவன் கள்வனாக இருப்பானோ என்று அஞ்சிக் கடந்தால் அவளைக் குறைகூற மாட்டோம். அவள் அடுத்த ஊரில் சொல்லி ஆளனுப்பினால் போதும். காலை வெளிச்சத்தில், இளவயதில், உடலில் வலுவோடு சென்ற குருவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்வாண்டுப் பயணத்தில், பணகுடி தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய பாதையில் இறங்கினோம். வேலிக்காத்தான் புதருக்குள் ஒரு சுமைதாங்கி பாதி மறைந்து நின்றது. மேல்கல்லில் எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. வண்டியை நிறுத்திவிட்டு விரலால் தடவிப் படிக்க முயன்றுகொண்டிருக்கையில், ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு முதிய அம்மையார் வந்தார். கையிலிருந்த தூக்குச்சட்டியை இயல்பாக அக்கல்லின்மேல் வைத்துவிட்டு நம்மைப் பார்த்தார்.

"இது யாருக்கு வச்ச கல்லும்மா?" என்றோம்.

"யாரோ ஒரு புள்ளத்தாய்ச்சிக்குன்னு சொல்லுவாவ. எங்க மாமியா காலத்துலயே பேரு தெரியாது" என்றார். பிறகு வண்டியைப் பார்த்தார். "நீங்க மேக்கதானய்யா போறிய?"

ஆம் என்றோம்.

"அந்தா புகை தெரியுதுல்லா, அந்தச் சூளையில எம்மவ வேல பாக்கா. கஞ்சிய மறந்துட்டுப் போயிட்டா. இந்த ஆட்ட விட்டுட்டு நான் எங்க போக? ஒரு எட்டு குடுத்துட்டுப் போயிருவியளா? அவசரமாப் போறியளோ என்னவோ..."

நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் மதிய உணவுக்குக் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றோம் என்று சொன்னால் பொய், பார்த்தோம். பன்னிரண்டரை. தூக்குச்சட்டியை வாங்கி இடப்பக்கக் கைப்பிடியில் மாட்டினோம். மகளின் பெயரைக் கேட்டோம், சொன்னார். தம் பெயரையும் சொன்னார். சூளை மூன்று கிலோமீட்டர் இருக்கும். பாதை முழுதும் குண்டும் குழியுமாகக் கிடந்தது. மூடி சரியாகப் பொருந்தாத சட்டி. கஞ்சி தளும்பிச் சிந்தாமலிருக்க, இரண்டாம் கியருக்கு மேல் போகாமல், ஒரு கையால் சட்டியைப் பிடித்தபடி மெல்ல ஓட்டிப் போனோம்.